இடது கையால் வரைந்த வீடு

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் அந்த அறிவிப்பு வந்து விழுந்தபோது நான் எடைமேடை அறையில் இருந்தேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளை எடை போட்டு உள்ளே விடுவது என் வேலை. வெளியே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பெற்றோருக்கும் இளம் குழந்தைகளுக்குமான மன அழுத்த மேலாண்மை முகாம், வரும் சனிக்கிழமை, தாய் தந்தை இருவரும் கட்டாயம் வர வேண்டும், வராதவர்கள் திங்கட்கிழமை முதல்வரைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை வகுப்பில் விட முடியும். மனசை லேசாக்கிக்கொள்ள ஒழுங்கு மரியாதையாக வந்து சேர் என்று மிரட்டுகிற கூட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அறிவிப்புக்குக் கீழே பெற்றோர்கள் வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.

என் மகள் அப்போது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். வயது ஐந்து. அவள் புத்தகப் பையில் ஆறு நோட்டு, நான்கு புத்தகம், ஒரு டைரி, ஒரு டிபன் டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில். நாள் முழுக்க எடை பார்க்கிறவன் சொல்கிறேன், அந்தப் பையைத் தினமும் ஒரு குழந்தையின் முதுகில் ஏற்றுகிறவனுக்கு மன அழுத்தம் என்ற வார்த்தையை உச்சரிக்கவே அருகதை கிடையாது. பெரம்பலூருக்கு வெளியே யாரோ ஒருவரின் மக்காச்சோளக் காட்டை வாங்கி மூன்று மாடியில் பள்ளிக்கூடம் எழுப்பி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, வாசலில் சிமெண்டில் ஒரு ஒட்டகச்சிவிங்கியையும் நிறுத்தியிருந்தார்கள். இந்த ஊரில் ஆடு மாடு பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு ஒட்டகச்சிவிங்கி. அதைப் பார்த்து மயங்கித்தான் நானும் சேர்த்தேன். என் மனைவி பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியே போதும் என்றாள். நான்தான் ஆலையில் கூட வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளெல்லாம் அங்கே படிக்கிறார்கள் என்று மல்லுக்கு நின்றேன். ஆகவே அந்தப் பள்ளியைப் பற்றி நான் என்ன திட்டினாலும் அதில் பாதி எனக்குத்தான் வந்து சேர வேண்டும்.

என் மனைவி பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். நிரந்தர வேலை இல்லை. தொகுப்பூதியம். எட்டு வருஷமாக, அடுத்த பட்டியலில் வந்துவிடும், அதற்கடுத்த பட்டியலில் வந்துவிடும் என்று காத்துக் கிடந்தவள். ஒருமுறை சென்னைக்குப் போராட்டத்துக்குப் போய் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் தூக்கிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டது. அங்கிருந்து எனக்குப் போன் செய்து, சாம்பார் சாதம் போட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்தாள். அப்படிப்பட்டவள். எதையும் லேசாக எடுத்துக்கொள்வாள் என்று நான் நம்பியிருந்தேன்.

அவளுக்கு வாரக்கணக்கில் இரவு டூட்டி வரும். அந்த வாரங்களில் காலையில் பிள்ளையைக் கிளப்பி வேனில் ஏற்றுவது என் பொறுப்பு. வீட்டுப்பாடமும் என் பொறுப்பு. இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். ரகசியம் என்ன ரகசியம், எங்கள் தெருமுனையில் வேனுக்கு நிற்கிற அத்தனை அப்பா அம்மாவுக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை நாங்கள்தான் எழுதுவோம், இடது கையால். வலது கையால் எழுதினால் அழகாக வந்து தொலைக்கும், மிஸ் கண்டுபிடித்துவிடுவார். இடது கையால் எழுதினால் கோணல்மாணலாக, கோட்டுக்கு மேலே ஏறி, அச்சு அசலாக ஐந்து வயதுக் கை மாதிரியே வரும். ஒரு அம்மா இதில் கைதேர்ந்துபோய், நடுவில் இரண்டு இடத்தில் தப்பாக எழுதி, எச்சில் தொட்டு அழித்து, காகிதத்தைக் கொஞ்சம் கிழித்தும் வைப்பாராம். மிஸ்ஸுக்கும் தெரியும். தெரிந்துதான் ஸ்டார் போடுகிறார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஸ்டார், எண்பது பெற்றோருக்கு நிம்மதி, ஒரு மிஸ்ஸுக்கு வேலை முடிந்தது. படித்தது யார் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

முகாமுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை, வேன் வர அரை மணி நேரம் இருக்கும்போது பையைத் திறந்தால் ஒரு தாள். 'என் வீடு, என் மகிழ்ச்சி' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே குறிப்பு: குழந்தை யாருடைய உதவியும் இல்லாமல் தன் குடும்பத்தை வரைய வேண்டும், ஆலோசகர் இதை வைத்துக் குழந்தையின் மனநிலையை ஆராய்வார், இன்றே கொடுத்துவிட வேண்டும். மகளை எழுப்பி வரையச் சொன்னேன். அவள் பல் தேய்க்க மாட்டேன் என்று ஒரு பாட்டம் அழுது ஓய்ந்து, அடுத்த பாட்டத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் இட்லி. அவள் ஷூவில் ஒன்றைக் காணோம். சரி, கழுதை, எடு இடது கையை என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் படம் வரைய வராது. வலது கையிலேயே வராது. ஒரு வீடு போட்டேன். கூரைக்கு அடிக்கச் சிவப்பு கிரேயான் தேடினேன், அதைக் காணோம், கறுப்பை எடுத்து அடித்துவிட்டேன். நடுவில் என்னைப் போட்டேன். மீசை வைக்கும்போது கொஞ்சம் குஷி வந்துவிட்டது, அதனால் ஆள் வீட்டைவிட உயரமாகப் போய்விட்டான். தாளில் மிச்சம் இருந்த இடத்தில், கீழ் மூலையில், மகளைப் போட்டேன். பல்லி அளவுக்குத்தான் இடம் இருந்தது. ஓரத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் மனைவியைப் போட்டேன், புடவை, கொண்டை, கை, கால். முகம் போடப் போகிறபோது வேன் ஹாரன் கேட்டது. அப்படியே மடித்துப் பைக்குள் திணித்தேன். வேனுக்கு ஓடுகிற ஓட்டத்தில் மகளிடம், யார் கேட்டாலும் நான்தான் வரைந்தேன் என்று சொல்ல வேண்டும், அம்மா கேட்டாலும் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் மிஸ் அப்பாவைத் திட்டுவார் என்று சொன்னேன். அவள் ஒற்றைக் கால் ஷூவோடு தலையை ஆட்டினாள்.

சனிக்கிழமை மனைவி இரவு டூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு அப்படியே கிளம்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பள்ளிக்கூட ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து வந்த ஆலோசகர் சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு, தேனில் முக்கி எடுத்த குரலில் பேசினார். நாம் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறோமாம். எதற்காக ஓடுகிறோம் என்று நமக்கே தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். அதை விட்டால் ஷிப்டுக்கு நேரமாகும், மேலதிகாரி வாய்க்கு வந்தபடி பேசுவார். அவருடைய தத்துவத்தில் இந்த பஸ்ஸுக்கு இடம் இல்லை.

பிறகு ஆளுக்கொரு பலூன் கொடுத்து, உள்ளே இருக்கிற கோபத்தையெல்லாம் அதற்குள் ஊதச் சொன்னார். கோட்டுப் போட்ட பேங்க் மானேஜர் ஒருவர் கன்னம் உப்பி ஊதியதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். நாலைந்து பலூன் வெடித்ததும் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த எல்.கே.ஜி. பிள்ளைகள் பயந்து ஒரே குரலில் வீறிட்டன. ஒரு சின்ன வெங்காய வியாபாரி மட்டும் சந்தையிலிருந்து நேராக வந்தவர், பலூனை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினார். அந்த ஹாலில் மன அழுத்தத்தை உருப்படியாக மேலாண்மை செய்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்தது தனி ஆலோசனை. ஒரு குடும்பத்துக்கு மூன்று நிமிஷம். ஒரு மேசை, அதில் தாள்கள் அடுக்கு. எங்களுக்கு முன்னால் போன அம்மா வானவில், பூச்செடி, கைகோத்த நாலு பேர் என்று இடது கையில் அசத்தியிருந்தார். அவருடைய மகனுக்கு 'மகிழ்ச்சியான குழந்தை' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த அம்மா சான்றிதழோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். வெட்கமாவது மண்ணாவது. அன்று அந்த ஆலோசகர் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஆராய்ந்ததெல்லாம் பிள்ளைகளின் மனசை இல்லை, அப்பன் ஆத்தாளின் இடது கையை. அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. ஆலோசகர் தாளை விரித்தார். உச்சுக் கொட்டினார். கறுப்புக் கூரை, வீட்டுக்குள் இருட்டு என்றார். மூலையில் பல்லி அளவுக்கு இருந்ததைக் காட்டி, குழந்தை தன்னை எவ்வளவு சின்னதாக நினைக்கிறாள் பாருங்கள் என்றார். அப்பாவைப் பெரியதாகப் போட்டிருக்கிறாள், அப்பாதான் அவளுக்கு ஆதாரம் என்றார். சொல்ல நாக்கூசுகிறது, அதைக் கேட்டு எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. நானே போட்ட மீசைக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். அப்புறம் அவர் விரலை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"அம்மாவுக்கு முகமே இல்ல பாருங்க. குழந்தை மனசுல அம்மா முகம் பதியலைன்னு அர்த்தம். நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?"

என் மனைவி, நர்ஸ், நைட் டூட்டி உண்டு என்றாள். அவர் தலையை மெதுவாக ஆட்டினார். அந்தத் தலையாட்டலை ஒரு மருந்துச் சீட்டு மாதிரி கொடுத்தார். பிறகு குனிந்து என் மகளிடம், இதை நீங்கள்தானே வரைந்தீர்கள் என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் வரைஞ்சேன்."

மூன்று நிமிஷம் முடிந்தது. தினமும் இருபது நிமிடம் தரமான நேரம் ஒதுக்குங்கள், குழந்தையை மனம் விட்டுப் பேச வையுங்கள் என்று அச்சடித்த ஒரு தாளையும் அந்தப் படத்தையும் கையில் திணித்து அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். அப்போதே அங்கேயே, சார் அதை நான் வரைந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசையில் ஆலையில் எனக்கு மேலே வேலை பார்க்கிறவர் நின்றிருந்தார். வாயில் கொழுக்கட்டையை அடைத்த மாதிரி எழுந்து வந்தேன். அவர் மட்டும் யோக்கியமா, அவர் கையிலும் கிரேயான் கறை இருந்திருக்கும். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் மரியாதை முக்கியமாகப் பட்டது. மரியாதை, எனக்கு.

வண்டியில் வரும்போது மனைவி என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். டூட்டிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து மகளுக்குச் சாதம் ஊட்டும்போதுதான் கேட்டாள்.

"அம்மாவுக்கு ஏன் பாப்பா மூஞ்சி போடல?"

மகள் சாதத்தை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

"மறந்துட்டேம்மா."

அவ்வளவுதான். என் மனைவி அந்தப் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டினாள். தினமும் பார்த்தால்தான் நமக்கு உறைக்கும் என்றாள். ரத்தமும் சீழும் பார்க்கிறவள், கண்ணெதிரே உயிர் போவதைப் பார்க்கிறவள், காலரில் மைக் மாட்டிய ஒருவன் சொன்ன மூன்று நிமிஷப் பேச்சில் சுருண்டுபோனாள். அந்த ஆலோசகர் மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரை ஆலையில் லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி நையாண்டி செய்தேன். வீட்டில் மட்டும் செய்யவில்லை. செய்ய வேண்டிய இடம் அதுதான்.

அடுத்த புதன்கிழமை ஆணை வந்தது. எட்டு வருஷம் காத்திருந்த பணி நிரந்தர ஆணை. ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காடுகளுக்கு நடுவில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். குறிப்பிட்ட நாளைக்குள் சேராவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். பெரும்பாலும் பகல் டூட்டிதான். ஆனால் விடிவதற்குள் பஸ் ஏறி, அரியலூரில் மாறிப் போக வேண்டும், திரும்பி வர இருட்டிவிடும். கூட வேலை பார்த்தவர்கள் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்களாம், ஒருத்தருக்கொருத்தர் கேக் ஊட்டிக்கொண்டார்களாம். இவள் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன் என்றாள். நிரந்தர வேலையும் வேண்டாம், இப்போது பார்க்கிற வேலையும் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கிறேன் என்றாள். அலமாரிக் கதவைக் காட்டினாள். எனக்கு முகமே இல்லாமல் போன பிறகு என்ன வேலை வேண்டிக் கிடக்கிறது என்றாள்.

இப்போதாவது சொல்லியிருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு நாள் முழுக்கச் சொல்வதாகத்தான் இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இவள் ஜெயங்கொண்டம் போனால் காலையில் அடுப்பு நான், ஜடை நான், டிபன் நான், வேன் நான், சாயங்காலம் பிள்ளையை எடுப்பதும் நான். இவள் வீட்டில் இருந்தால் எனக்கு எல்லாம் தட்டில் வரும். பூலாம்பாடியில் இருக்கிற என் அக்கா போனில், பொட்டப்பிள்ளையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய் என்ன சாதிக்கப் போகிறாளாம் என்று கேட்டார். நான் அவளே முடிவு பண்ணிவிட்டாள் அக்கா, நான் எதுவும் சொல்லவில்லை என்றேன். எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் உண்மை. ஆலோசகரை, பள்ளியை, செல்ஃபி எடுத்த அம்மாவை எல்லாம் கேவலமாகப் பேசுகிற எனக்கு, என் வாயை மூடி வைத்திருந்தது என்ன என்று நன்றாகத் தெரியும். சோம்பேறித்தனம். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

இதற்கு நடுவில் தரமான நேரம் என்ற கூத்து நடந்துகொண்டிருந்தது. என் மனைவி எதைச் செய்தாலும் முறையாகச் செய்கிறவள். ஆலோசகர் கொடுத்த தாளைப் பார்த்து, தினமும் மாலை ஆறு மணிக்குப் போனில் அலாரம் வைத்து, மகளை எதிரே உட்கார வைத்து இருபது நிமிஷம் பேசுவாள். மனசில் என்ன இருந்தாலும் அம்மாவிடம் சொல், அம்மா திட்ட மாட்டேன் என்று கெஞ்சுவாள். அம்மா மேல் ஏதாவது கோபமா என்பாள். அந்தப் பிள்ளையின் மனசில் இருந்தது ஒரே ஒரு விஷயம், அதைச் சொல்லக் கூடாது என்று அப்பன் சொல்லி வைத்திருக்கிறான். ஒன்றுமில்லை அம்மா, ஒன்றுமில்லை அம்மா என்று சொல்லிக்கொண்டே பாவாடை ஓரத்தைப் பிடித்து முறுக்கும். அலாரம் அடித்ததும் எழுந்து கக்கூஸுக்கு ஓடும்.

நாலைந்து நாளில் வயிற்றுவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். காலையில் வலி, மாலை ஆறு மணி நெருங்கினால் வலி. என் மனைவி வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பாள், ஒன்றும் இருக்காது. கிரேயான் டப்பாவைக் கண்டாலே மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு நாள் பள்ளியில் உடுப்பிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள், அதற்கும் குழுவில் எல்லோரும் பார்க்க ஒரு அறிவுரை வந்தது, குழந்தைகளுக்கு வீட்டில் அன்பான சூழலைத் தாருங்கள் என்று. என் மனைவி அதைப் படித்துவிட்டு, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளையை இழந்துவிடுவேன் என்றாள்.

சேர வேண்டிய கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட பிறகு, வேலையில் சேர விருப்பமில்லை என்று கடிதம் எழுத உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் 'என் குழந்தையின் நலனுக்காக' என்று எழுதியிருந்தாள். நான், அப்படியெல்லாம் எழுதக் கூடாது, 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுது, அதுதான் ஆபீஸ் முறை என்றேன். அவள் அடித்துவிட்டு அப்படியே எழுதினாள். அந்த வாக்கியத்தை எழுதும்போது அவள் மூக்கு நுனி சிவந்தது. நான் கடிதத்தில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஆணையையும் கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னாள். மகளும் வருகிறேன் என்றாள். வண்டியில் பெட்ரோல் டேங்க் மேல் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ரோட்டில் கூட்டம் இல்லை. பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது அவள் முன்பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏம்ப்பா, இன்னும் எத்தினி நாளைக்குப்பா நான்தான் வரைஞ்சேன்னு சொல்லணும்?"

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். ஒரு இளநீர்க் கடைக்குப் பக்கத்தில். இனிமேல் சொல்ல வேண்டாம் என்றேன். இன்றிலிருந்தேவா என்று கேட்டாள். இப்போதிருந்தே என்றேன். அவள் கொஞ்ச நேரம் வண்டியின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி விளையாடினாள். அப்புறம் அடுத்த கேள்வி வந்தது.

"அம்மா ஒன்னய அடிக்குமா?"

அடிக்காது என்றேன். அப்பனை அடி வாங்காமல் காப்பாற்றத்தான் இந்த ஐந்து வயதுப் பிள்ளை பெற்ற தாயிடம் இத்தனை நாளாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. வயிற்றுவலியை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆலோசகர் சொன்னது சரிதான், அப்பாதான் அவளுக்கு ஆதாரம். தூ என்று என்னை நானே துப்பிக்கொள்ளத் தோன்றியது. ஜெராக்ஸ் எடுக்காமலே வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில் மனைவி பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். இடது கை, கறுப்பு கிரேயான், வேன் ஹாரன், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது, எல்லாம். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் துண்டை மடித்து வைத்தாள். அலமாரிக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தை உரித்தெடுக்கவுமில்லை.

"படம் வரைஞ்சது பெரிசு இல்லங்க. எல்லார் வூட்லயும் நடக்கிறதுதான். சாப்பிட்டு ஒக்காந்து இந்த லெட்டர எழுதினேனே, பக்கத்துல இருந்து வார்த்தை எடுத்துக் குடுத்தீங்களே, அப்ப ஒங்களுக்கு எப்புடி இருந்துச்சு?"

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்தாள். மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இங்கே வா பாப்பா என்று கூப்பிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படத்தை யார் வரைந்தது என்று மெதுவாகக் கேட்டாள். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் "அப்பா" என்றாள். என் மனைவி அதுவரை அழவில்லை. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்ததைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை விடியலில் அவளே தனியாகப் போய் வேலையில் சேர்ந்தாள். நான் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விடுகிறேன் என்றேன், வேண்டாம், பிள்ளை எழுந்துவிடும் என்றாள். அன்றிலிருந்து காலை வேலையெல்லாம் நான்தான் செய்கிறேன். ஒன்றும் பெரிய சாமர்த்தியம் இல்லை, இத்தனை வருஷமாக அவள் செய்ததுதான். வயிற்றுவலி பத்துப் பதினைந்து நாளில் போய்விட்டது. வருஷக் கடைசியில் மகளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் போட்டோம். வேன் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் இப்போதும் இடது கையால்தான் எழுதுகிறார்கள், அந்த ஆலோசகர் இப்போதும் ஏதோ ஒரு ஹாலில் பலூன் ஊதச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்களையெல்லாம் கேவலமாகப் பேசுவதை நான் நிறுத்தவில்லை, ஆனால் என் மனைவி இருக்கும்போது பேசுவதில்லை.

மகளுக்கு இப்போது ஏழு வயது. சாயங்காலம் அவள் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாதாரணக் கேள்வி. அதற்கும் என் மகள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.